ஏமாறுபவரின் உழைப்பு

இளமையில் குற்றவாளியாகவும், பல சிறைகளிலிருந்து தப்பியோடிய கைதியாகவும் திரிந்து, பிறகு தம்முடைய பழைய சகாக்களையே பிடித்துக்கொடுக்கும் பாரிஸ் நகரத்துத் துப்பறியும் படைக்குத் தலைவராக உயர்ந்த விடோக் என்னும் விசித்திர மனிதர், 1828ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக் குறிப்புகளில், பிரெஞ்சுச் சிறைச்சாலைகளுக்குள்ளே சளைக்காமல் நடந்துவந்த ஒரு கடிதத் தொழிலைப் பற்றி எழுதியிருக்கிறார். வெளியூர்களில் வசிக்கும் செல்வந்தர்களின் பெயரையும் விலாசத்தையும் புதிதாக வந்து சேரும் கைதிகளிடம் கேட்டறிந்து, பழைய கைதிகள் அவர்களுக்குக் கடிதம் எழுதுவார்களாம். எழுதுகிறவன் தன்னை ஒரு பிரபுவின் ஊழியன் என்று சொல்லிக்கொள்வான்; புரட்சிக்குப் பயந்து எஜமானருடன் தேசத்தை விட்டு ஓடியபோது, பொன்னும் வைரமும் நிறைந்த பேழை ஒன்றைக் கடிதம் பெறுகிறவருடைய ஊருக்குச் சமீபத்தில் மறைத்துவிட்டுப் போக நேர்ந்தது என்றும், அதை மீட்க வந்த இடத்தில் தான் சிறைப்பட்டு வாடுவதாகவும், கொஞ்சம் பணம் உதவினால் புதையல் இருக்கும் இடத்தைத் தெரிவித்துப் பங்கும் தருவதாகவும் உருக்கமாக வரைவான். நூறு கடிதங்கள் போனால் இருபதுக்குப் பதில் வந்தது என்பது விடோக்கின் கணக்கு. ஏமாந்தவர்கள் வெளியூர்ப் பேதைகள் மட்டுமல்லர். பாரிஸ் நகரத்திலேயே கடை வைத்திருந்த துணி வியாபாரி ஒருவர், பூயோன் சீமாட்டியின் வைரங்கள் பான் நெஃப் பாலத்தின் வளைவு ஒன்றுக்குள் புதைந்துகிடப்பதாக நம்பி, அதன் அடித்தளத்தைத் தோண்டிக்கொண்டிருக்கையில் பிடிபட்டார் என்றும் அவர் சொல்கிறார்.

இந்தத் துணி வியாபாரியை நாம் எளிதில் விட்டுவிடுவதற்கில்லை. அவரை ஏமாற்றியவன் கல்லறை போன்ற ஓர் அறைக்குள்ளே பூட்டப்பட்டுக் கிடந்தவன். அவனால் செய்யக்கூடியதெல்லாம் ஒரு காகிதத்தில் சில வரிகள் எழுதுவதே. மற்ற யாவற்றையும் செய்தவர் வியாபாரி. கடப்பாரையைத் தேடி எடுத்தவர் அவர். ஆள் நடமாட்டமற்ற வேளையைத் தேர்ந்தவர் அவர். நகரத்தின் நடுவிலே, அத்தனை பேர் நடந்து போகும் பாலத்தில், ஒரு சீமாட்டியின் வைரங்கள் எவ்வாறு வந்திருக்கக்கூடும் என்ற கேள்வி எழுந்தபோது, அதற்குத் தகுந்த சமாதானத்தைத் தம் மனத்துக்குள்ளேயே உண்டாக்கிக் கொண்டவரும் அவரே. இன்று நம் மின்னஞ்சல் பெட்டியில் வந்து விழும் கோடி டாலர் கடிதங்களைப் பற்றி மனோதத்துவ அறிஞர்களும் பொருளாதார அறிஞர்களும் செய்துள்ள ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க, மோசடியில் எத்தனுடைய பங்கு சொற்பம் என்பதும், பெரும்பகுதி வேலையை ஏமாறுகிறவரே, அதுவும் தம்முடைய நல்ல குணங்களைக் கொண்டே, செய்து முடிக்கிறார் என்பதும் மேன்மேலும் தெளிவாகின்றன.

புரட்சியின் ஞாபகம் மங்கிய பிறகு அந்தக் கைதி ஸ்பெயினுக்கு இடம் மாறினான். ஸ்பெயின் நாட்டுச் சிறை ஒன்றில் அநியாயமாக அடைபட்ட கனவான், அவருடைய மறைந்துகிடக்கும் செல்வம், ஆதரவற்ற அவருடைய மகள் என்று கதை சற்று நாகரிகம் அடைந்து, அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்கும் போயிற்று. 1898ஆம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதைக் குறித்து எச்சரித்தபோதே, இது போலீசார் நெடுங்காலமாக அறிந்த பழைய தந்திரம் என்றுதான் எழுதிற்று.

கதைக்கு மூன்றாவது தேசம் கிடைத்தது 1980களில். எண்ணெய் விற்ற பணத்தில் திடீரென்று செழித்து, எண்ணெய் விலை விழுந்ததும் அதே வேகத்தில் தளர்ந்துபோன நைஜீரியாவில், 1986இல் பொருளாதாரச் சீரமைப்பு என்ற பெயரில் வந்த மாற்றங்களை அடுத்து நாணய மதிப்பு சரிந்து, ஆங்கிலம் படித்த வாலிபர்கள் பலர் வேலையின்றி நின்ற காலத்தில், அந்நாட்டு அரசாங்க அதிகாரிகளின் பெயரால் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கடிதங்கள் புறப்பட்டன. தபால், டெலக்ஸ், ஃபாக்ஸ் என்று வாகனம் மாறி, 1990களில் மின்னஞ்சல் வந்தவுடன் தபால்தலைச் செலவும் இல்லாமற்போயிற்று. பொய் சொல்லிப் பொருள் பறிப்பதைத் தண்டிக்கும் நைஜீரியச் சட்டப் பிரிவின் எண் 419 ஆதலால், உலகெங்கும் இம்மோசடிக்கு அந்த எண்ணே பெயராக நிலைத்துவிட்டது. நம்மூர்ப் பழைய தண்டனைச் சட்டத்தின் நானூற்றிருபதுக்கு ஒன்று குறைவு. பாரிஸில் பிறந்து ஸ்பெயினில் வளர்ந்த ஒரு வித்தையின் பழி முழுவதும் நைஜீரியாவின் தலையில் விழுந்தது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். இப்போது இதே கடிதங்கள் எல்லாக் கண்டங்களிலிருந்தும் வருகின்றன.

ஆனால் நைஜீரியாவைக் களமாகக் கொண்டதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அந்நாட்டு ராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா 1998 ஜூன் மாதத்தில் இறந்த பிறகு, அவர் தேசத்தின் கஜானாவிலிருந்து எடுத்து வெளிநாட்டு வங்கிகளில் ஒளித்துவைத்த பெரும் தொகைகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. ஸ்விட்சர்லாந்து மட்டும் பிற்காலத்தில் 100 கோடி டாலருக்கு மேல் நைஜீரியாவுக்குத் திருப்பித் தந்தது. செய்தி வெளிவந்ததுமே அவருடைய மனைவியின் பெயராலும் மக்களின் பெயராலும் உலகெங்கும் மின்னஞ்சல்கள் பறந்தன. பெறுகிறவர் சந்தேகப்பட்டுப் பத்திரிகைகளைப் புரட்டினால், அபாச்சா என்றொருவர் இருந்தது உண்மை, அவர் கொள்ளையடித்தது உண்மை, பணம் அந்நிய வங்கிகளில் முடங்கியது உண்மை என்று அடுக்கடுக்காக உண்மைகளே கிடைக்கும். பொய்யாக இருந்தது ஒன்றுதான்: கடிதத்தை எழுதியவர் யார் என்பது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னார்கள். விசாரணை செல்லும் வழியையும் எத்தனே போட்டுத் தந்திருக்கும்போது, தீர விசாரித்தவர் இன்னும் ஆழமாகவே சிக்குகிறார்.

இப்படிப்பட்ட கடிதம் ஒன்றைச் சாவதானமாக எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். ஆரம்பத்தில் தெய்வத்தின் பெயர் வரும். எழுதுகிறவர் விதவையாகவோ, நோய்வாய்ப்பட்ட வர்த்தகராகவோ, மத்திய வங்கியின் உத்தியோகஸ்தராகவோ இருப்பார். வாரிசில்லாமல் இறந்த ஒருவருடைய கணக்கிலோ, மிகுதியாக மதிப்பிட்ட ஒப்பந்தம் ஒன்றிலோ தங்கிப்போன தொகை குறிப்பிடப்படும். தொகை ஒருபோதும் முழுத் தொகையாக இராது. 2 கோடி டாலர் என்று சொன்னால் யாருக்கும் நம்பிக்கை பிறக்காது, 2 கோடியே 13 லட்சத்து 20,000 டாலர் என்றால் யாரோ பேரேட்டைப் பார்த்து எழுதியது போலத் தோன்றும். பிறகு பங்கு விகிதம்: உங்களுக்கு நூற்றுக்கு இத்தனை, எனக்கு இத்தனை, வழிச் செலவுக்கு நூற்றுக்கு ஐந்து. இந்தச் செலவுப் பங்கை முதலில் சேர்த்தவன் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவனாக இருக்க வேண்டும். கோடிகளைப் பற்றி வாசகருக்கு அனுபவம் இல்லை. செலவுக்கு ஒதுக்குவதைப் பற்றி உண்டு. பழகிய ஒரு சின்ன விவரத்தைப் பற்றிக்கொண்டு அவருடைய மனம் பழகாத பெருந்தொகையின் மேல் ஏறிவிடுகிறது. கடைசியில் இரண்டு நிபந்தனைகள்: விரைவில் பதில் எழுத வேண்டும், ஒருவருக்கும் சொல்லக் கூடாது.

கடிதத்தில் எங்கும் பணம் கேட்கப்பட்டிராது. கேட்பது பதில் ஒன்றை மாத்திரமே.

இத்தனை மட்டமான, பிழை மலிந்த, ஊரறிந்த கடிதத்தை ஏன் திருத்தாமல் அனுப்புகிறார்கள் என்பது பலருக்கும் தோன்றும் கேள்வி. நைஜீரியா என்ற பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் சிரித்துவிடும் நிலையில், தாங்கள் நைஜீரியாவிலிருந்து எழுதுவதாகவே எத்தர்கள் ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்? மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் கார்மக் ஹெர்லி 2012ஆம் ஆண்டில் இந்தக் கேள்வியைக் கணித முறையில் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் நான் படித்தவற்றுள் மிகவும் ரசமானது. அவருடைய வாதத்தின் சாரம் இது: கடிதம் அனுப்ப எத்தனுக்குச் செலவில்லை; பதில் எழுதுகிறவர்களோடு வாரக்கணக்கில் மாரடிப்பதில்தான் செலவு. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்து லட்சம் பேருக்குக் கடிதம் போகிறது. அவர்களில் கடைசி வரையில் வந்து பணம் கட்டக்கூடியவர்கள் பத்துப் பேர். எவரும் நம்பும்படி நயமாக எழுதினால் இரண்டாயிரம் பேர் பதில் போடுவார்கள்; அந்தப் பத்துப் பேர் யார் என்று தெரியாமல் இரண்டாயிரம் பேருக்கும் தொலைபேசியும் பத்திரங்களும் நேரமும் செலவழிக்க வேண்டும்; பெரும்பாலோர் பாதி வழியில் விழித்துக்கொண்டு விலகுவார்கள். அபத்தமாக எழுதினாலோ ஐம்பது பேர்தான் பதில் எழுதுவார்கள். ஆனால் தேவையான பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்த ஐம்பதுக்குள் இருப்பார்கள். முறத்தில் இட்டுப் புடைக்கும்போது பதர் தானாகப் பறந்துபோவது போல, சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுத் தாமாகவே விலகிப்போகிறார்கள். கடிதத்தின் அபத்தம் எத்தனுடைய அறியாமையைக் காட்டவில்லை. அவனுக்கு வேண்டாதவர்களை அவன் செலவில்லாமல் கழித்துவிடும் உபாயமே அது. "இதையெல்லாம் யார் நம்புவார்கள்?" என்று நாம் கேட்கும்போது நாமும் அவனுக்கு ஓர் ஊழியம் செய்துவிட்டோம்.

முறத்தில் தங்கியவர்களுக்கு அடுத்தபடியாக நடப்பவை பலவிதம். அவற்றுள் விஞ்ஞான மாணவர்கள் கவனிக்கத் தக்கது கறுப்புப் பணம் கழுவும் வித்தை. எல்லாப் பணமும் வந்துவிட்டது, ஆனால் சுங்க அதிகாரிகளின் கண்ணில் படாதிருக்க நோட்டுகளுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறது என்று சொல்லி, ஹோட்டல் அறை ஒன்றில் எத்தன் ஒரு பெட்டியைத் திறக்கிறான். உள்ளே டாலர் அளவுக்கு வெட்டிய கறுத்த காகிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. நீங்களே ஒன்றை எடுங்கள் என்கிறான். எடுத்த தாளை வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்திலுள்ள திரவத்தில் அமிழ்த்தி அலசுகிறான். கறுப்புக் கரைந்து, நூறு டாலர் நோட்டு தலை காட்டுகிறது. வெளியே போய் எந்த வங்கியிலும் காட்டிப் பாருங்கள் என்று அதைப் பரிசாகவும் கொடுத்துவிடுகிறான். வங்கியில் காட்டினால் அது அசல் நோட்டுதான்.

இங்கே நடந்தது பள்ளிக்கூட ரசாயனம். சில அசல் நோட்டுகளின் மேல் பசையைக் காப்பாகத் தடவி உலர்த்தி, டிங்சர் அயோடினில் தோய்த்தெடுத்தால், அவை கறுத்துப்போய் வெறும் கறுப்புக் காகிதம் போல் ஆகிவிடும். கிண்ணத்திலுள்ள 'அபூர்வ ரசாயனம்' வைட்டமின் சி மாத்திரையைப் பொடி செய்து கரைத்த தண்ணீர். வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலம் அயோடினுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து அதை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடுவதால், கண்ணெதிரே கறுப்பு மறைகிறது. பார்வையாளர் எடுத்துக் கொடுத்த தாளுக்குப் பதிலாக இந்தத் தயாரித்த நோட்டு கிண்ணத்துக்குள் போனது கைச் சாமர்த்தியம். பெட்டியில் மீதமிருப்பதெல்லாம் கறுப்புக் காகிதம். இனி, முழுப் பெட்டியையும் கழுவ ரசாயனம் போதாது. அது மிகவும் விலையுயர்ந்தது. வாங்கிவர நீங்கள் 50,000 டாலர் தர வேண்டும்.

இந்தக் காட்சியில் பார்வையாளர் முட்டாளாக நடந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் சோதனை கேட்டார். தாமே மாதிரி எடுத்தார். மூன்றாம் மனிதரிடம் காட்டிச் சரிபார்த்தார். விஞ்ஞானி செய்வதையே அவரும் செய்தார். சோதனையின் சாமான்கள் மட்டும் எதிராளியுடையவை. பிரிட்டனில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் மனோதத்துவத் துறையினர் அந்நாட்டு நியாய வணிக அலுவலகத்துக்காக ஆராய்ந்து 2009இல் அளித்த அறிக்கையும் இதையே உறுதிப்படுத்துகிறது. ஏமாந்தவர்கள் யோசிக்காமல் பணம் கொடுத்தவர்கள் என்று பொதுவாக நாம் எண்ணுகிறோம். ஆனால் அவ்வறிக்கையில், மோசடிக் கடிதத்தை ஒரே பார்வையில் குப்பையில் போட்டவர்களைக் காட்டிலும் அதில் சிக்கியவர்கள் அதைப் பற்றி அதிகமாகச் சிந்தித்திருந்தார்கள் என்றும், மோசடி எத்துறையைச் சார்ந்ததோ அத்துறையில் அவர்களுக்குச் சராசரிக்கு மேற்பட்ட பரிச்சயம் இருப்பதும் உண்டு என்றும் கண்டிருக்கிறார்கள். முதலீடு தெரிந்தவரைப் போலி முதலீடு பிடிக்கிறது. போட்டிகளில் பரிசு பெற்ற பழக்கமுள்ளவரைப் போலிப் பரிசு பிடிக்கிறது. தெரிந்த விஷயம் என்ற தைரியம் முதலில் வந்து, சந்தேகத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இதற்குப் பிரேஸில் நாட்டு வங்கி ஒன்றைவிடப் பெரிய திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. 1995க்கும் 1998க்கும் இடையில், எம்மானுவேல் நுவூடே என்பவர் தம் கூட்டாளிகளுடன் சேர்ந்து, நைஜீரிய மத்திய வங்கியின் கவர்னராகவே வேஷமிட்டு, தலைநகர் அபுஜாவில் புதிய விமான நிலையம் கட்டப்போவதாகச் சொல்லி, பாங்கோ நொரொயெஸ்தே என்ற அவ்வங்கியின் உயர் அதிகாரி ஒருவரிடமிருந்து மொத்தம் 24 கோடியே 20 லட்சம் டாலர் அளவுக்குக் கறந்துவிட்டார். அதிகாரிக்குக் கமிஷன் 1 கோடி டாலர் என்பது வாக்குறுதி. விமான நிலையத்தின் ஒரு செங்கல்கூட எங்கும் இல்லை. வேறொரு வங்கி நொரொயெஸ்தேயை விலைக்கு வாங்க வந்து, கணக்குகளைப் பரிசோதித்தபோதுதான், வங்கியின் மூலதனத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கணக்குகளுக்குப் போயிருப்பது தெரிந்தது. பணத்தைக் கையாள்வதே தொழிலாகக் கொண்டவருக்கு இது நேர்ந்தது என்பதை ஆச்சரியமாகச் சொல்கிறார்கள். ஒப்பந்தம், கமிஷன், அரசாங்கத் திட்டம் என்ற பாஷை அன்றாடம் பழகியவருக்குத்தானே அந்தப் பாஷையில் எழுதிய கடிதம் இயல்பாகப் படும்? நுவூடே 2005இல் நைஜீரிய நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

நம்புவது மனித மனத்தின் இயற்கை. சந்தேகிப்பது முயன்று செய்யும் காரியம். பொய்யையும் மெய்யையும் பிரித்தறியச் சொல்லி நடத்திய நூற்றுக்கணக்கான சோதனைகளை ஒன்றுசேர்த்து 2006இல் பாண்ட், டிபாலோ என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் கணக்கிட்டபோது, மக்கள் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 54 தடவைதான் என்று கண்டார்கள். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். இதைக் குறையென்று கொள்வதைவிட, சமூக வாழ்வுக்கு நாம் கொடுக்கும் விலையென்று கொள்வதே பொருந்தும். பால்காரர், மருந்துக் கடைக்காரர், பஸ் கண்டக்டர் ஆகிய ஒவ்வொருவரையும் சாட்சியோடு வரச் சொன்னால் ஒரு நாள் பொழுதும் நகராது.

நம்பிக்கை கடிதத்துக்குப் பதில் எழுதச் செய்யும். ஆனால் பல லட்சங்களைக் கட்டச் செய்வதற்கு அது போதாது. அங்கே வேறு இரண்டு மனோதர்மங்கள் வந்து சேர்கின்றன. 1966இல் ஃப்ரீட்மன், ஃப்ரேஸர் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். 'கவனமாக ஓட்டுங்கள்' என்று எழுதிய, வீட்டின் முகப்பையே மறைக்கும் அசிங்கமான பெரிய பலகையை உங்கள் முற்றத்தில் நட அனுமதிப்பீர்களா என்று வீடு வீடாகக் கேட்டதில், நூற்றுக்கு 17 பேரே சம்மதித்தார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்பு, இதே பொருள்பட்ட ஒரு சிறு ஒட்டுத்தாளைச் சன்னலில் வைக்க இணங்கியிருந்தவர்களிடம் கேட்டபோது நூற்றுக்கு 76 பேர் சம்மதித்தார்கள். சிறிய சம்மதம் ஒன்றைக் கொடுத்தவர், தாம் இக்காரியத்தில் அக்கறையுள்ளவர் என்று தம்மைப் பற்றியே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். பிறகு அந்த முடிவுக்குப் பொருத்தமாக நடந்துகொள்கிறார். எத்தன் முதலில் கேட்பது வெறும் பதில். அடுத்தது முழுப் பெயரும் முகவரியும். அடுத்தது கையெழுத்திட்ட ஒரு படிவம். முத்திரைக் கட்டணத்துக்கு ஒரு சின்னத் தொகை என்று நாலாவது கடிதத்தில் வரும்போது, கேட்பவர் அந்நியராக இராமல் பங்காளியாகிவிட்டிருக்கிறார்.

இரண்டாவது தர்மம் நஷ்டத்தைப் பற்றியது. 1979இல் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு கேள்வி இருக்கிறது. நிச்சயமாக 3,000 நாணயம் இழப்பதா, அல்லது ஐந்தில் நான்கு பங்கு 4,000 இழக்கும்படியும் ஐந்தில் ஒரு பங்கு ஒன்றுமே இழக்காமல் தப்பும்படியும் உள்ள சூதில் இறங்குவதா? நூற்றுக்கு 92 பேர் சூதையே தேர்ந்தார்கள். இதே தொகைகளை லாபமாக மாற்றிக் கேட்டபோதோ, நூற்றுக்கு 80 பேர் நிச்சயமான 3,000 போதும் என்று ஒதுங்கினார்கள். லாபத்தில் ஜாக்கிரதைக்காரராக இருக்கும் மனிதர் நஷ்டத்தில் சூதாடியாகிவிடுகிறார். ஆகவே, 'பேராசை பெருநஷ்டம்' என்று நாம் ஓயாமல் சொல்லிவரும் பழமொழி இம்மோசடியின் முதற் பகுதிக்குத்தான் பொருந்தும். முத்திரைக் கட்டணம் கட்டியாயிற்று. வரி அனுமதிப் பத்திரத்துக்குக் கட்டியாயிற்று. பயங்கரவாதத்துடன் தொடர்பில்லாத பணம் என்ற சான்றிதழுக்கும் கட்டியாயிற்று. இனி வக்கீல் பீஸ் ஒன்றுதான் பாக்கி என்று வரும் கடிதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்குக் கோடிகளின் ஞாபகம் மங்கிவிட்டது. இதுவரை போன நான்கு லட்சத்தை இப்போதே முழு நஷ்டமென்று எழுதிவிடுவதா, இன்னும் ஒரு லட்சம் கொடுத்து எல்லாவற்றையும் மீட்கப் பார்ப்பதா என்பதே அவருடைய கேள்வி. கேள்வி அந்த உருவத்தில் வந்துவிட்டால், விடை நூற்றுக்கு 92 பேர் சொன்ன விடைதான்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை மின்னஞ்சலில் மட்டும் வரவில்லை. இடி விழுந்த கோபுரக் கலசம் இரிடியமாகிவிட்டது, அது அரிசியைத் தன்பால் இழுக்கும், வெளிநாட்டு விஞ்ஞானிகள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி நடக்கும் மோசடி நெடுநாளையது. இரிடியம் என்பது 1803இல் கண்டறியப்பட்ட, மிகவும் கனமான ஓர் உலோகம். இடி விழுந்து செம்பு இரிடியமாவதும் இல்லை, இரிடியம் அரிசியை இழுப்பதும் இல்லை. அரிசிக்குள் இரும்புத் துகளும் பாத்திரத்துக்குள் காந்தமும் இருந்தால் மட்டுமே அந்த அற்புதம் நிகழும். அண்மைக் காலத்தில் இதன் இரண்டாம் பாகம் வந்திருக்கிறது: இரிடியம் விற்ற பணம் வெளிநாட்டிலிருந்து வந்து ரிசர்வ் வங்கியில் முடங்கியிருக்கிறது, அதை விடுவிக்கக் கமிஷன் கட்ட வேண்டும். விடோக்கின் கைதி இதைக் கேட்டால், பேழை எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரிந்து மகிழ்ந்திருப்பான். தனிப்பட்டவர்களுக்கு வழங்குவதற்கென்று பணம் வைத்திருக்கும் கணக்கு எதுவும் தன்னிடம் இல்லை என்று ரிசர்வ் வங்கி பலமுறை விளம்பரம் செய்துவிட்டது. ரிசர்வ் வங்கி மறுப்பதனாலேயே விஷயம் ரகசியமானது என்று விளக்கம் சொல்லவும் தரகர்கள் தயாராக இருக்கிறார்கள்.

ரகசியம் என்ற நிபந்தனையைப் பற்றி முன்பு சொன்னேன். அது அதிகாரிகளுக்குப் பயந்து வைத்ததன்று. வீட்டாருக்குப் பயந்து வைத்தது. மனைவியிடமோ தம்பியிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐந்து நிமிஷத்தில் விவகாரம் முடிந்துபோகும். எத்தன் கேட்டுக்கொள்ளாவிட்டாலும் வாசகர் சொல்லமாட்டார் என்பதுதான் விசேஷம். எக்ஸிடர் அறிக்கையின்படி, இவ்வகை அழைப்புகளுக்கு இணங்கியவர்களில் சிலர், வீட்டில் ஒருவர் கேட்டால் தடுத்துவிடுவார் என்று உள்ளூர உணர்ந்தே விஷயத்தை மறைத்துவைக்கிறார்கள். முதலில் நாலு பேர் அறியாமல் லாபம் வர வேண்டும் என்ற ஆசை மறைக்கச் செய்கிறது. பணம் போன பிறகு வெட்கம் மறைக்கச் செய்கிறது. பங்காளியின் கடிதத்திலேயே சட்டத்துக்குப் புறம்பான வாடை வீசியிருந்தால், போலீசுக்குப் போகவும் வழியில்லை.

ஏமாந்தவருடைய பெயர் அத்துடன் மறக்கப்படுவதுமில்லை. ஒரு தடவை பணம் கட்டியவர்களின் பட்டியலை எத்தர்கள் தங்களுக்குள் விலைக்கு விற்றுக்கொள்கிறார்கள். சில மாதம் கழித்து, நைஜீரியாவின் பொருளாதாரக் குற்றத் தடுப்பு ஆணையத்தின் பெயரிலோ ஐக்கிய நாடுகள் சபையின் பெயரிலோ இன்னொரு மின்னஞ்சல் வரும்: தாங்கள் ஏமாற்றப்பட்ட செய்தி எங்களுக்குத் தெரியும், குற்றவாளிகள் பிடிபட்டுவிட்டார்கள், தங்களுக்கு நஷ்ட ஈடு விதிக்கப்பட்டிருக்கிறது, அனுப்புவதற்கான கட்டணத்தை மாத்திரம் கட்டுங்கள். இழந்ததை மீட்கும் ஆசைக்கு இதைவிடப் பொருத்தமான கடிதத்தை எவரும் எழுத முடியாது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் போலீசாரும் நுகர்வோர் பாதுகாப்புத் துறையினரும் 2013இல் இதற்கு ஒரு மாற்று முறையைக் கையாளத் தொடங்கினார்கள். புகாருக்காகக் காத்திராமல், தங்கள் மாநிலத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அடிக்கடி பணம் அனுப்புவோர் யாரென்று வங்கிப் பரிமாற்ற விவரங்களைக் கொண்டு அறிந்து, நீங்கள் மோசடிக்கு இலக்காகியிருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினார்கள். குற்றச்சாட்டில்லை, கடிந்துரையில்லை, ரகசியத்தைக் கேட்டு வீட்டுக் கதவைத் தட்டுவதுமில்லை. பெற்றவர்களில் பெரும்பாலோர் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாதவர்களுக்கு இரண்டாவது கடிதம் போயிற்று.